இரத்தக் காட்டேரிக் காதற்புதினங்களும் முதிர்ந்த வாசகரும்

முன்னுரை

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அச்சத்தையும் உவகையையும் வேறுவேறாக வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் முதற்கண் நிற்பது அணங்கு. உவகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று புணர்வு. இவை இரண்டும் தம்முள் நெடுந்தொலைவில் நிற்பனபோலத் தோன்றும். ஆயினும், அணங்கு என்னும் அதே சொல் அஞ்சத்தக்க தெய்வத்தைக் குறிப்பதோடு, காண்பான் உள்ளத்தை வருத்தும் பெண்ணெழிலையும் குறித்து வழங்கியதை நாம் அறிவோம். காமத்துப்பாலின் முதல் அதிகாரத்திற்குத் 'தகையணங்குறுத்தல்' எனப் பெயரமைந்ததே இதற்குச் சான்றாகும். அஞ்சத்தக்கதே விரும்பத்தக்கதாகவும் ஆதல் கூடும் என்னும் உண்மை தமிழ் மரபிற்குப் புதியதன்று.

இவ்வுண்மையையே அடிநிலையாகக் கொண்டு எழுந்த புதினவகை ஒன்று ஆங்கிலத்தில், சிறப்பாக அமெரிக்க நாட்டில், கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பெருகி வளர்ந்துள்ளது. அதுவே இரத்தக் காட்டேரியைக் காதலனாகக் கொண்ட காதற்புதினம். அதனைப் படிப்போர் சிறுவர் சிறுமியர் மட்டும் அல்லர். முப்பதும் நாற்பதும் ஐம்பதும் கடந்தோர் பலர் அதனை விரும்பிப் படிக்கின்றனர்.

சில ஆண்டுகட்கு முன்னர் ஆய்வு மாணவி ஒருவர் இப்பொருளைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விழைந்தார். "இவை பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பேய்க்கதைகள், வளர்ந்தவர் இவற்றைப் படிப்பது வளராமையையே காட்டும், இவற்றுள் ஆராய்தற்கு யாது உளது?" என்று ஆங்குக் கூடியிருந்தோர் வினவினர். யானும் அவ்வெண்ணமே உடையேனாய் வாளா இருந்தேன். மாணவியும் வேறு பொருளை மேற்கொண்டார். பின்னர் அந்நூல்கள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தபோது, அன்றைய வினாவிற்கு விடை உண்டு என்பதை உணர்ந்தேன். அவ்விடையை முறைப்படக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

'வாம்பயர்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் மக்கள் இரத்தக் காட்டேரி என்று வழங்குகின்றனர். காட்டேரி என்பது நம் ஊர்ப்புறங்களில் அஞ்சப்படுவதோடு வழிபடவும் பெறும் ஓர் ஆற்றல். ஐரோப்பியக் கதைகளில் வருவதோ, இறந்தபின் கல்லறையினின்றும் எழுந்து, உயிருள்ளோர் குருதியை உண்டு, மூவாமலும் சாவாமலும் நிலைபெறும் ஆள். இரண்டும் ஒன்றல்ல. 1870ஆம் ஆண்டில் ரிச்சர்டு பர்ட்டன் என்பார் வேதாளக் கதைகளைத் தழுவி ஆங்கிலத்தில் எழுதியபோது, வேதாளத்தையும் இவ்வாங்கிலச் சொல்லாலேயே குறித்தார். நம் விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் கதை கூறிப் புதிரிட்டு விடை கேட்குமேயன்றிக் காதல் கொள்வதில்லை. ஆதலின், பெயரொப்புமை கொண்டு பொருளொப்புமை காணலாகாது. மக்கள் வழக்கில் உள்ள சொல் என்பது பற்றியே காட்டேரி என்னும் பெயர் ஈண்டு ஆளப்படுகிறது.

இறந்தோர் மீளும் அச்சம்

இக்கதைகளின் வேர் நாட்டுப்புற நம்பிக்கையில் உள்ளது. 1725ஆம் ஆண்டில், அக்காலத்து ஆஸ்திரியர் ஆட்சிக்குட்பட்டிருந்த செர்பியப் பகுதியில், கிசிலேவோ என்னும் சிற்றூரில் பீட்டர் பிளகோயவிச் என்பான் இறந்தான். அவனைப் புதைத்த சில நாட்களுக்குள் ஊரில் ஒன்பதின்மர் இறந்தனர். அவன் இரவில் வந்து தம்மை நெரித்ததாக அவர்கள் இறக்குமுன் கூறினர் என்றும், அவன் மனைவி, இறந்த கணவன் வந்து தன்னிடம் செருப்பைக் கேட்டான் என்று சொல்லி ஊரைவிட்டே அகன்றாள் என்றும் ஆஸ்திரிய அலுவலர் ஒருவரின் அறிக்கை கூறுகின்றது. ஊரார் கல்லறையைத் தோண்டி, உடல் அழுகாதிருக்கக் கண்டு, கூரிய மரத்தை நெஞ்சிற் பாய்ச்சி அதனை எரித்தனர். இத்தகைய செயல்கள் பலவாகவே, 1755ஆம் ஆண்டில் அரசி மரியா தெரேசா தம் மருத்துவராகிய வான் ஸ்வீட்டன் என்பாரை ஆராயச் செய்து, பிணங்களைத் தோண்டுவதைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். மண்ணின் குளிர்ச்சியால் உடல் அழுகுதல் தாழ்க்கலாம் என்பதும், அழுகும் உடல் வீங்கி வாய்வழியே செந்நீர் கசியலாம் என்பதும் இன்று நாம் அறிந்த செய்திகள்.

அச்சத்தின் காரணம் இவ்வாறு அறிவியலால் விளங்கும். ஆயினும், அவ்வறிக்கையில் இலக்கிய மாணவர் கருதத்தக்க குறிப்பு வேறொன்று உளது. இறந்தவன் தேடிவந்தது அயலாரை மட்டும் அன்று. தன் மனைவியையும் நாடி வந்தான். வந்து கேட்டது குருதியும் அன்று, தன் செருப்பு. வீட்டில் ஒருவர் இறந்தபின் அவர் பொருள்கள் வைத்த இடத்திலேயே கிடக்கக் கண்டவர்க்கு இக்குறிப்பின் பொருள் எளிதில் விளங்கும். அந்நம்பிக்கையின் உள்ளே அச்சம் மட்டும் அன்றித் துயரமும் உறைகின்றது. 'இறந்தவர் மீண்டு வந்துவிடுவாரோ' என்னும் அச்சமும், 'இறந்தவர் மீண்டு வாராரோ' என்னும் ஏக்கமும் ஒரே நெஞ்சில் அடுத்தடுத்து நிற்பன. பின்னெழுந்த இலக்கிய வரலாறு, அச்சம் படிப்படியாகப் பின்சென்று ஏக்கம் முன்வந்த வரலாறேயாகும்.

அச்சத்தினின்று காதலுக்கு

1797ஆம் ஆண்டில் செருமானியப் பெரும்புலவர் கதே 'கொரிந்து நகர மணமகள்' என்னும் கதைப்பாட்டை இயற்றினார். இறந்த மங்கை தனக்கு மணம் பேசப்பட்டிருந்த இளைஞனை நள்ளிரவில் நாடி வருதல் அதன் பொருள். ஆங்கில உரைநடையில் இக்கதையை நிலைநாட்டியவர் கவிஞர் பைரனின் மருத்துவராயிருந்த பொலிடோரி. 1816ஆம் ஆண்டின் கோடையில் செனீவா ஏரிக்கரையில் பைரன், செல்லி, மேரி ஆகியோர் கூடிப் பேய்க்கதை புனைய முற்பட்டதன் விளைவாக இரு நூல்கள் தோன்றின. மேரி செல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' 1818இலும், பொலிடோரியின் 'வாம்பயர்' 1819இலும் வெளிவந்தன. பொலிடோரியின் கதையில் காட்டேரி ஊர்ப்புறத்து உழவன் அல்லன். நகர மாளிகைகளில் வரவேற்புப் பெறும் உயர்குடிப் பெருமகன். பெண்டிரைக் கவர்ந்து கெடுக்கும் அவனது கவர்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

லெ பனு எழுதிய 'கார்மில்லா' 1871–72ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தது. அதில் காட்டேரி ஓர் இளநங்கை. அவள் நாடுவதும் ஒரு நங்கையையே. அவள் வெறுப்பையும் ஈர்ப்பையும் ஒருங்கே விளைவிக்கின்றாள். 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராக்குலா' இவ்வகை நூல்களுள் தலையாயதாக நிற்பது. ஆயினும் அந்நூலிலுள்ள டிராக்குலா காதலன் அல்லன். அயல்நாட்டினின்று வந்து நாட்டைக் கெடுக்கும் பகைவன். இறந்துபட்ட தன் காதலியை மீனா என்பாளிடத்துக் காண்பவனாக அவனைக் காட்டிய 1992ஆம் ஆண்டுத் திரைப்படம், மூலநூலில் இல்லாத ஒன்றைப் புகுத்தியதாகும். அதற்கு முன்னரே, 1966 முதல் 1971 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'டார்க் சேடோஸ்' என்னும் தொடரில், பர்னபாஸ் காலின்ஸ் என்னும் காட்டேரி இழந்த காதலியை எண்ணி வருந்துவோனாகப் படைக்கப்பட்டிருந்தான். மூலநூலின் பகைவனுக்குப் பிற்காலத்தார் ஓர் இழப்பைக் கொடுத்தனர். அவ்விழப்பே அவனைக் காதலனாக்கியது.

இழப்பும் இறவாமையும்

1976ஆம் ஆண்டில் ஆன் ரைஸ் அம்மையார் எழுதிய 'காட்டேரியுடன் ஓர் உரையாடல்' என்னும் புதினம் வெளிவந்தது. காட்டேரியைப் பற்றிப் பிறர் பேசும் நிலை மாறி, காட்டேரியே தன் வாழ்க்கையைத் தன் வாயாற் கூறும் நிலை அதில் அமைந்தது. லூயி என்பான் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் இளைஞனிடம் தன் இருநூறாண்டு வரலாற்றை உரைக்கின்றான். அவன் காட்டேரியாவதற்கு முன் நிகழ்ந்தது அவன் உடன்பிறந்தான் சாவு. அத்துயரால் உயிர்வாழ விருப்பமின்றி இருந்தபோதே அவன் அந்நிலை எய்தினான்.

அந்நூலில் கிளாடியா என்னும் ஐந்து வயதுப் பெண்மகவு வருகின்றாள். காட்டேரியாக்கப்பட்டமையால் அவள் இறவாள். ஆனால் வளரவும் மாட்டாள். பல்லாண்டு கழிய உள்ளம் முதிர்ந்த பெண்ணின் உள்ளமாகிறது. உடலோ குழந்தையின் உடலாகவே நிற்கிறது. நூலாசிரியரின் மகள் 1972ஆம் ஆண்டில் குருதிப் புற்றுநோயால் ஆறு வயது நிரம்புமுன் இறந்தாள் என்பதை அறிந்து இப்பகுதியைப் படிப்போர், இதனை வெறும் பேய்க்கதை எனக் கூறார். மகவை இழந்த தாய் எண்ணக்கூடிய எண்ணம், அக்குழந்தை சாவாதிருந்தால் எவ்வளவு நன்று என்பது. அவ்வெண்ணத்தையே எடுத்து, அதன் விலையையும் உடன் வைத்துக் காட்டுகின்றது இந்நூல். சாவாமை கிடைத்தது, வளர்ச்சி போயிற்று. கிளாடியாவின் சினமும் துயரும், அவளை நிலைநிறுத்த விரும்பியோர் அன்பையே குற்றமாக்கிக் காட்டுகின்றன.

நூலின் முடிவு இன்னும் கருதத்தக்கது. இத்துணைத் துன்பத்தையும் கேட்ட இளைஞன், தன்னையும் காட்டேரியாக்குமாறு லூயியை வேண்டுகின்றான். தான் கூறியதன் பொருளை அவன் அறியவில்லையே என்று லூயி வெகுள்கின்றான். இக்காட்சியை இருவகை வாசகர்க்கும் பொருத்திக் காண்டல் தகும். இறவாமை என்னும் பேற்றை மட்டும் செவிமடுப்பது இளமை. அப்பேற்றினுள் இருக்கும் இழப்பையும் செவிமடுப்பது முதிர்ச்சி. பெற்றோரையோ துணையையோ மகவையோ இழந்தவர் லூயி கூறும் கதையைக் கேட்கும் முறை வேறு. நூல் ஒன்றே, கேட்போர் பட்டறிவு வேறாதலின் கேட்கும் பொருளும் வேறாகின்றது.

காலமும் காதலும்

முதிர்ந்தோரை ஈர்க்கும் இரண்டாவது கூறு காலம். ஒத்த காதலுக்கு வேண்டும் ஒப்புமைகள் பத்து என வகுத்த தொல்காப்பியர், ஆண்டினையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். காட்டேரிக் காதலில் அவ்வொப்புமை முற்றிலும் சிதைகின்றது. தலைவனுக்கு நூறாண்டு, முந்நூறாண்டு, ஆயிரத்தைந்நூறாண்டு; தலைவிக்கோ இருபதோ முப்பதோதான். அவன் நிற்கின்றான், அவள் மூப்பெய்துகின்றாள். எல்லாக் காதலிலும் மறைந்து கிடக்கும் நிலையாமை ஈண்டு வெளிப்பட்டு நிற்கின்றது.

ஸ்டெபனி மேயர் எழுதிய 'ட்விலைட்' முதலிய நான்கு நூல்கள் 2005 முதல் 2008 வரை வெளிவந்தன. பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்ற இந்நூல்கள் இளையோர்க்கென எழுதப்பட்டவை. எனினும், இவற்றை ஆர்வத்தோடு படித்த தாய்மார்க்கு 'ட்விலைட் தாய்மார்' எனத் தனிப்பெயரே வழங்கலாயிற்று. தலைவன் எட்வர்டு 1901இல் பிறந்தவன். 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலால் சாகும் தறுவாயில் காட்டேரியாக்கப்பட்டவன். அன்று முதல் பதினேழு வயதினனாகவே நிற்பவன். இரண்டாம் நூலின் தொடக்கத்தில் தலைவி பெல்லா தன் பதினெட்டாம் பிறந்தநாளன்று கனவொன்று காண்கின்றாள். தன் பாட்டியைக் கண்டதாக எண்ணியவள், அது கண்ணாடியில் தெரியும் தன் முதுமை உருவே என உணர்ந்து நடுங்குகின்றாள். பதினெட்டு வயதினளுக்கு இது கனவில் வரும் அச்சம். நாற்பது கடந்தவர்க்கோ ஒவ்வொரு காலையும் கண்ணாடி காட்டும் செய்தி. இளையோர்க்கென எழுதிய நூலில் தாய்மார் தம்மைக் கண்டதற்கு இஃது ஒரு காரணமாகலாம்.

முதிர்ந்தோர்க்கெனவே எழுந்த நூல்களுள் டெபோரா ஆர்க்னஸ் 2011இல் வெளியிட்ட 'சூனியக்காரியர் பற்றிய கண்டுபிடிப்பு' ஒன்று. நூலாசிரியர் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர், தலைவியும் வரலாற்றறிஞர். ஆக்சுபோர்டு பாட்லியன் நூலகத்தில் பழஞ்சுவடி ஒன்றை அவள் எடுக்கும்போது கதை தொடங்குகின்றது. அவளை நாடிவரும் தலைவன் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வாழ்ந்தவன். அவள் ஏட்டில் மட்டும் கற்ற காலங்களில் நேரே வாழ்ந்திருந்தவன். ஈண்டுக் காதலுக்குப் பற்றுக்கோடாக நிற்பது கல்வி. வாழ்வின் நடுப்பகுதியை எய்திய கற்றறிந்த பெண் தன் அறிவோடு விரும்பப்படுதல் என்னும் பொருளே இதன் கவர்ச்சி எனலாம்.

செவிசாய்த்தலும் அடங்கிய ஆற்றலும்

மூன்றாவது கூறு, ஆற்றலுடையான் தன்னை அடக்கிக்கொள்ளுதல். காட்டேரித் தலைவன் கொல்லும் வலிமை உடையவன். தலைவியின் குருதி அவனுக்கு உணவு. ஒவ்வொரு நெருக்கத்திலும் அவன் கொல்லாமல் இருக்கத் தெரிந்தெடுக்கின்றான். செல்சி குவின் யார்ப்ரோ 1978 முதல் எழுதிய நூல்களில் வரும் செயின்ட் செர்மெய்ன் கோமான், குருதியினும் பெண்ணின் உள்ள நிறைவையே நாடுவோனாகப் படைக்கப்பட்டுள்ளான். அழைக்கப்பட்டாலன்றிக் காட்டேரி பிறர் மனைக்குள் நுழைதல் இயலாது என ஸ்டோக்கர் நூலில் வரும் விதியும் பிற்காலத்தில் புதுப்பொருள் பெற்றது. அங்கு அது காவல் குறித்த எச்சரிக்கை; இக்காலத்து நூல்கள் பலவற்றில் பெண்ணின் இசைவு குறித்த அறமாக அது நிற்கின்றது.

சார்லெய்ன் ஆரிசு 2001 முதல் 2013 வரை பதின்மூன்று புதினங்களாக எழுதிய தொடரில் இதன் மற்றொரு பக்கம் விளங்கும். தலைவி சூக்கி, லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் மதுவிடுதியில் பரிமாறும் பெண். பிறர் நெஞ்சில் நினைப்பன எல்லாம் அவளுக்குக் கேட்கும். அதனால் எந்த ஆடவனோடும் அவளால் அமைதியாக இருத்தல் இயலவில்லை. காட்டேரிகளின் நெஞ்சம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. பில் என்பானை அவள் விரும்பத் தொடங்கியது அவன் அழகால் மட்டும் அன்று. அவன் அருகில் கிடைத்த அமைதியால். பகலெல்லாம் வாடிக்கையாளர்க்கும் வீட்டார்க்கும் செவிகொடுத்து ஓய்ந்த பெண்டிர் இதன் அருமையை உரைக்க வேண்டாமலே உணர்வர்.

1984ஆம் ஆண்டில் சானிசு ராட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர், சிறுநகர் ஒன்றில் காதற்புதினம் படிக்கும் மகளிரைக் கண்டு உரையாடி நூலொன்று எழுதினார். அவர் ஆராய்ந்தவை காட்டேரிக் கதைகள் அல்ல. எனினும் அவர் கண்ட முடிவு ஈண்டும் பொருந்தும். கணவர்க்கும் மக்கட்கும் பணி செய்வதே நாள்முழுதும் தொழிலாகக் கொண்ட அம்மகளிர்க்கு, நூலைக் கையிலெடுத்தல் தமக்கென ஒரு பொழுதை ஒதுக்கிக்கொள்ளும் செயலாயிருந்தது. அவர்கள் விரும்பிய தலைவனும் வலிமையோடு தாயன்பு போன்ற பரிவும் உடையவன். பிறரைப் பேணுவோர் தாம் பேணப்படுதலை விரும்புதல் இயல்பேயன்றோ?

தடையும் விடையும்

இந்நூல்கள்மேல் கூறப்படும் குறைகளை மறைத்தல் ஆய்வு நெறி ஆகாது. எட்வர்டு பெல்லா அறியாமலே அவள் அறையுட் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கின்றான். வாழ்க்கையில் ஒருவன் இவ்வாறு செய்வானாயின் அதனைக் காதல் என்னோம், அச்சுறுத்தல் என்போம். அடங்கிய ஆற்றலைப் போற்றும் கதை, அடங்காத ஆற்றலையும் காதலின் அடையாளமாகக் காட்டிவிடும் இடர் உண்டு. வாய்பாடாக எழுதிக் குவிக்கப்பட்ட நூல்களும் மிகப் பல. இக்கண்டனங்கள் உண்மையே.

ஆயினும், முதிர்ந்த வாசகர் இவற்றை உணராமல் படிக்கின்றனர் என்பது உண்மையன்று. நல்ல காட்டேரிப் புதினம் தன் இடரைத் தானே சொல்லிக்கொண்டு செல்வது. தலைவன் அஞ்சத்தக்கவன் என்பதை முதலிலேயே கூறிவிடுதலே இவ்வகையின் இலக்கணம். ஏனைய காதற்கதைகள் ஆடவனின் வலிமையை மறைத்து வைக்கின்றன. இவை அதனைப் பல்லாகவே காட்டுகின்றன. அவ்வலிமையை வீட்டிலும் பணியிடத்திலும் கண்டறிந்தோர்க்கு, அதனைக் கதையில் நேர்நின்று காண்டலும் வேண்டியபோது நூலை மூடுதலும் தம் கையில் உள்ளன.

மேலும், இக்கதைகள் யாவும் இறவாமையில் முடிவன அல்ல. பெல்லா இறவாமையை ஏற்றாள். சூக்கியோ வெயிலில் கிடந்து காய்வதில் மகிழும் இயல்பினள். பகலை விட்டுக்கொடுக்க விரும்பாத அவள், தொடரின் முடிவில் காட்டேரிகளை நீங்கிப் பகலிலும் உடனிருக்கத்தக்க ஒருவனையே துணையாகக் கொள்கின்றாள். இம்முடிவு வாசகர் பலருக்குச் சினமூட்டியது. இருவகை முடிவும் ஒரே வினாவிற்கு விடைகள்: அன்பு நிலைபெறுமாயின், அதற்காக எதனை இழக்க ஒருப்படுவாய்?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காட்டேரிக் காதற்புதினம் இறந்தோர் மீளும் அச்சத்தில் தோன்றி, இழந்தோரை மீட்கும் ஏக்கமாக வளர்ந்தது என்பதும், இழப்பு, காலம், அடங்கிய ஆற்றல் என்னும் மூன்றும் அதன் கவர்ச்சிக்கு நிலைக்களன்கள் என்பதும் பெறப்பட்டன. இம்மூன்றையும் இளையோர் கற்பனையால் அறிவர். முதிர்ந்தோர் வாழ்ந்து அறிவர். ஆதலின், முதிர்ந்தோர் இவற்றைப் படித்தல் வளராமையின் விளைவன்று; வளர்ந்து, இழந்து, பின்னும் அன்பு நிலைபெறுதலை விரும்புவதன் விளைவு.

அன்று அம்மாணவி கேட்க விரும்பிய வினா தகுதியுடையது. அதனைத் தடுத்தது அப்பொருளின் சிறுமை அன்று. அதனைப் படியாமலே மதிப்பிட்ட எம் போன்றோர் பிழை. இனி ஒரு மாணவர் இத்தகைய பொருளோடு வருவாராயின், முதலில் நூலைப் படித்துப் பின்னர்த் தீர்ப்புக் கூறுதல் ஆசிரியர் கடனாகும்.